ஒத்துக்காரரின் அடிக்குரல்

கவாலா துறைமுகத்தில் லாசரோஸைத் தெரியாதவர் கிடையாது. தெரியும் என்றால் என்ன தெரியும்? தாசோஸ் தீவுக்குப் படகு கிளம்பும் முன் "தாசோஸ்! தாசோஸ்!" என்று கத்துகிற ஆள். படகு கரைக்கு வந்தால் வடக்கயிற்றைப் பிடித்து இரும்புக் கட்டையில் சுற்றுகிற ஆள். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். அந்தக் குரலைக் கேட்டு அடுப்பில் காப்பி வைக்கிற வீடுகள் இருந்தன. ஆளை நிமிர்ந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

ஸ்மிர்னாவிலிருந்து அகதிக் கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு ஒன்பது வயது. பதிமூன்றில் குரல் உடைந்தது. மற்றப் பையன்களுக்கு இரண்டு படி இறங்கி நின்ற குரல், இவருக்கு மட்டும் நிலவறை வரைக்கும் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் 'பீப்பாய்' என்று பெயர் வைத்தார்கள். துறைமுகத்துக் கோயில் பாதிரியார் அவரைக் கூப்பிட்டு, வலது பக்கத்து மேடையில் பாடகருக்குப் பின்னால் நிறுத்தி, "ஒத்துப் பிடிடா" என்றார். அன்றைக்கு நின்றவர்தான்.

நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரை நமக்குத் தெரியும். அந்தத் தேசத்துக் கோயிலில் வாத்தியமே கிடையாது. எல்லாம் மனுஷக் குரல்தான். ஒருவர் பாடுவார். பின்னால் ஒருவர் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒத்துக்காரர் இல்லாமல் பாடகர் சமாளித்துவிடலாம். பாடகர் இல்லாமல் ஒத்துக்காரர் மட்டும் நின்று இழுத்தால் பைத்தியம் என்பார்கள். கச்சேரி முடிந்தால் மோதிரம் ஒருவருக்கு, சாப்பாடு இன்னொருவருக்கு. எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம் என்பதால் லாசரோஸ் அதைப்பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அவருடைய குறை வேறு.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின பெரிய வாரத்தில், பெரிய செவ்வாய் சாயங்காலம் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கன்னியாஸ்திரி எழுதியது. விருந்து வீட்டில் இயேசுவின் காலைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைத்தாளே, அந்தப் பாவிப் பெண்ணே வாய் திறந்து பேசுவதாகப் பாட்டு. வருஷத்துக்கு ஒரு நாள்தான் பாடுவார்கள். ஞானஸ்நானத்துக்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்காதவன்கூட அன்றைக்கு வந்துவிடுவான். "இந்த வருஷம் பாட்டுக்கு எந்தக் கோயிலுக்குப் போறே?" என்பதுதான் அந்த வாரம் முழுக்கப் பேச்சு. கசாப்புக் கடைக்காரரும் முடிதிருத்துகிறவரும் அன்றைக்குச் சங்கீத வித்வான்கள். எந்தப் பாடகர் எத்தனை நிமிஷம் இழுத்தார், எங்கே மூச்சு வாங்கினார் என்று மறுநாள் காப்பிக்கடையில் தீர்ப்புச் சொல்வார்கள்.

அன்றைக்குத் துறைமுகச் சந்தில் காசுக்குத் திறக்கிற கதவுகளெல்லாம் சாத்தியிருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் தலையில் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு வந்து, கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார்கள். அது தங்கள் பாட்டு என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். வருஷம் பூராவும் அந்தச் சந்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்று சாதிக்கிற ஆண்கள், அன்றைக்குக் கழுத்தைத் திருப்பி யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். லாசரோஸ் ஒரு தரம்கூடத் திரும்பியதில்லை. மகா யோக்கியர் என்பதால் அல்ல. ஒத்துக்காரர் பாடகரின் கையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

பாட்டின் நடுவில் மெட்டு கீழே இறங்கும் ஓர் இடம் இருக்கிறது. பாவத்தின் ஆழத்தைப் பற்றி அந்தப் பெண் பேசுகிற இடம். இறங்கி, இறங்கி, இனிமேல் இடமில்லை என்று நினைக்கும்போது இன்னும் ஒரு படி இறங்கும். கவாலாக்காரர்கள் அதைக் 'கிணறு' என்பார்கள். மேலே ஏறிக் கத்துவதற்கு ஆயிரம் பேர் உண்டு. கிணற்றில் இறங்கித் தண்ணீரைத் தொட்டவன்தான் பாடகன்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் துறைமுகத்துக் கோயிலுக்கு மெனெலாவோஸ் என்ற பாடகரைத் தெசலோனிக்கியிலிருந்து கொண்டுவந்தார்கள். நெடிய ஆள், நரைக்காத மீசை, தேன் குரல். மேல் சுருதியில் அவர் நின்றால் பெண்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். நாற்பது நாள் நோன்பு முழுக்க அவர் பாடியதைக் கேட்டு ஊர் சொக்கிப்போயிருந்தது. பெரிய செவ்வாய்க்கு நாலு நாள் இருக்கும்போது, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் துறைமுகத்துக்கு வந்து லாசரோஸ் பக்கத்தில் நின்றார்.

"லாசரோஸ், ஒரு விஷயம். யார் கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லுங்க வாத்தியாரே." பாடகர்களை அங்கே வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அந்தக் கிணறு... எனக்கு அங்க குரலே இல்ல. வெறும் காத்துதான் வருது. தெசலோனிக்கில ரெண்டாவது பாடகர் இருந்தாரு, சமாளிச்சேன். இங்க நீதான் இருக்கே."

"நான் ஒத்துப் பிடிக்கறவன் வாத்தியாரே."

"அந்த இடத்துல மட்டும் ஒத்த விட்டுட்டு வார்த்தையப் பாடு. நான் வாயத் திறந்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கறேன். ஒரே மேடையிலேர்ந்து வர்ற சத்தம்தானே, யாருக்குத் தெரியப்போவுது? முதல் வருஷம் மானம் போயிடக் கூடாது லாசரோஸ். ஒரே ஒரு வருஷம்."

ஒரே ஒரு வருஷம் என்பது பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

ஏற்பாடு இதுதான். மெனெலாவோஸ் வலது கையால் தாளம் காட்டிப் பாடுவார். கறுப்பு அங்கியின் அகலமான கைக்குள் இடது கை முதுகுப் பக்கம் போயிருக்கும். கிணறு வந்ததும் இடது கையின் இரண்டு விரல் மடங்கும். அவர் புத்தகத்தின் மேல் குனிவார். பின்னால் லாசரோஸ், உதடு அசைவது தெரியாமல், கீழே போய்விட்டு வருவார். ஏறக்குறைய ஒரு நிமிஷம். பிறகு விரல்கள் விரியும். மெனெலாவோஸ் நிமிர்ந்து மேல் சுருதியைப் பிடிப்பார். ஜனங்கள் பெருமூச்சு விடுவார்கள்.

பூசை முடிந்ததும் கூட்டம் மெனெலாவோஸைச் சூழ்ந்துகொள்ளும். "என்ன ஆழம் வாத்தியாரே! தரை அதிருது!" என்பார்கள். முடிதிருத்துகிற ஸ்தாவ்ரிஸ் தன் நெஞ்சில் கை வைத்து, "இங்க அதிர்ந்துச்சு" என்பார். லாசரோஸ் புத்தகங்களை மூடி, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு ஓரமாக நடந்து வீட்டுக்குப் போவார். முதல் சில வருஷம் அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஊருக்குத் தெரியாத ஒன்று தன் மடியில் இருக்கிறது என்கிற சந்தோஷம். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் மடி காலியாக இருந்தது. ஆளைப் பார்த்து "கொஞ்சம் நகருங்க லாசரோஸ், வாத்தியாருக்குக் கைகொடுக்கணும்" என்று சொல்கிறவர்களை அவர் வெறுக்க ஆரம்பித்தார்.

எழுபதாம் வருஷம் குருத்தோலை ஞாயிறன்று மெனெலாவோஸுக்கு ஆயர் கையால் வெள்ளிச் சிலுவை கொடுப்பதாகக் கோயில் நிர்வாகம் முடிவு செய்தது. அதற்கு முந்தின நாள், செத்துப் பிழைத்த லாசருக்கு உரிய சனிக்கிழமை. லாசரோஸுக்குப் பெயர் நாள், அந்தப் பெயர் வைத்தவர்களெல்லாம் கொண்டாடுகிற நாள். அவருடைய மனைவி தெஸ்பினா, கையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஆள் மாதிரி லாசர் ரொட்டி சுட்டிருந்தாள். மெனெலாவோஸ் வாழ்த்துச் சொல்ல வந்தார். மூன்று ரொட்டி தின்றார். தெஸ்பினா காப்பி போட உள்ளே போனதும் லாசரோஸ் வாய் விட்டுக் கேட்டுவிட்டார். வாழ்நாளில் அவர் யாரிடமும் எதையும் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"வாத்தியாரே, நாளைக்கு நீங்க பேசும்போது என் பேரச் சொல்லுங்க."

"சொல்லாமலா? நீ இல்லாம நான் ஏது?"

"கிணத்தைப் பத்திச் சொல்ல வேணாம். உங்க மானம் எனக்கும் மானம்தான். கீழ எனக்கு லாசரோஸ் துணை இருந்தாருன்னு மட்டும் சொல்லுங்க. புரிஞ்சவன் புரிஞ்சுக்கட்டும்."

மெனெலாவோஸ் அவர் தோளைத் தட்டினார். "இது உன் பேர் நாளுக்கு என் பரிசு. சிலுவ மேல சத்தியம்" என்றார். சிலுவை இன்னும் கழுத்துக்கு வரவில்லை. அதற்குள் அதன் மேல் சத்தியம்.

லாசரோஸ் தெஸ்பினாவிடம் விவரம் சொல்லவில்லை. "நாளைக்கு மேடையில என் பேரச் சொல்லப் போறாங்க, நல்ல உடுப்பாப் போட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னார். அவள் கல்யாணத்துக்கு வாங்கிய காலணியைத் தேடி எடுத்தாள். அவர் கழுத்துப்பட்டியைத் தானே இஸ்திரி போட்டார். கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மெனெலாவோஸ் அருமையாகப் பேசினார். கடவுளுக்கு நன்றி சொன்னார். ஆயருக்குச் சொன்னார். தன் குருவுக்கு, செத்துப்போன அம்மாவுக்கு, கோயில் நிர்வாகிகள் ஏழு பேருக்கும் பேர் பேராகச் சொன்னார். மணி அடிக்கிற ஆளுக்குக்கூடச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "அந்தக் கிணத்துல எப்படி இறங்கறீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. இன்னைக்கு ரகசியத்த உடைச்சுடறேன்" என்றார். லாசரோஸ் முழங்காலில் கை வைத்து எழுந்திருக்கத் தயாரானார்.

"காய்ஞ்ச அத்திப்பழம். ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு, காலைல கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியக் குடிக்கணும். வேற ஒண்ணுமில்ல!"

மண்டபம் சிரித்தது, கை தட்டியது. ஆயர்கூடச் சிரித்தார். லாசரோஸ் எழுந்திருக்கத் தயாரான உடம்பை எப்படித் திரும்ப உட்கார வைப்பது என்று தெரியாமல், கழுத்துப்பட்டியைச் சரி செய்வது மாதிரி பாவனை பண்ணினார்.

வீட்டுக்குப் போகிற வழியில் தெஸ்பினா கேட்டாள்: "உன் பேரு எங்க வந்துச்சு? நான் நடுவுல தூங்கிட்டேனா?"

அவருக்கு அடக்க முடியவில்லை. நடுத்தெருவில் நின்று, பத்தொன்பது வருஷத்துக் கதையை மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். காலணி கடித்ததால் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"மனுஷா, ரொம்ப மனசு விட்டுப்போயிருக்கே, தெரியுது. அதுக்காக அடுத்தவன் புகழைத் தூக்கி மடியில வச்சுக்கலாமா? அவரே சொல்றாரே, அத்திப்பழம்னு."

"நான்தான் பாடறேன், தெஸ்பினா! என் தொண்டை!"

"வீட்டுலயும் முப்பது வருஷமா ஒரே சுருதிதான் கேக்கறேன். நீ வேற சுருதி பாடி நான் கேட்டதே இல்ல" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை கவாலா கடைத்தெருவில் அத்திப்பழம் தீர்ந்துபோனது. ஸ்தாவ்ரிஸ் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போனதை லாசரோஸ் தன் கண்ணால் பார்த்தார். அப்போதுதான் அவர் முடிவு செய்தார். கத்த வேண்டாம், சண்டை வேண்டாம். பெரிய செவ்வாயன்று கிணறு வரும்போது வாயை மூடிக்கொண்டால் போதும். ஊர் முழுக்கக் காது கொடுத்து நிற்கும் நேரத்தில் அந்த இடம் காலியாக இருக்கும். அதற்குப் பிறகு பெயரை யாரும் சொல்ல வேண்டியதில்லை. தானாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயிலில் நிற்க இடமில்லை. படிக்கட்டு வரைக்கும் ஜனம். ஃபோத்திஸ் பாதிரியார் விளக்குகளைக் குறைக்கச் சொன்னார். மெனெலாவோஸ் புது வெள்ளிச் சிலுவையை அங்கிக்கு மேலே போட்டுக்கொண்டு வந்து, லாசரோஸைப் பார்க்காமல் தொண்டையைச் செருமினார். பாட்டு தொடங்கியது. மனுஷன் குரலுக்கு வயதே ஆகவில்லை. கோபத்திலும் லாசரோஸுக்கு அது தெரிந்தது. அப்படிப் பாடத் தெரிந்தவனுக்கு இரண்டு வார்த்தை சொல்ல ஏன் வாய் வரவில்லை என்று நினைத்தார். ஒத்தை மட்டும் பிசகாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

கிணறு வந்தது. இரண்டு விரல்கள் மடங்கின. மெனெலாவோஸ் குனிந்தார்.

லாசரோஸ் ஒத்தையும் நிறுத்தினார். வாயை இறுக்கி மூடினார்.

விரல்கள் விரிந்து மறுபடி மடங்கின. இன்னொரு தரம் மடங்கின. பிறகு அந்தக் கை காற்றைப் பிராண்டியது. மெனெலாவோஸின் பிடரியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. திறந்த வாயிலிருந்து 'ஹ்' என்று காற்று வந்தது, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் கோயிலில் மெழுகுவர்த்தித் திரி சடசடப்பது கேட்டது. லாசரோஸ் காத்திருந்தார். யாராவது இருமுவார்கள், யாராவது "என்ன ஆச்சு?" என்பார்கள், தலைகள் திரும்பும் என்று காத்திருந்தார். ஒரு தலையும் திரும்பவில்லை. முன்வரிசையில் ஸ்தாவ்ரிஸ் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, சொக்கிப்போய் நின்றார். மெனெலாவோஸ் எப்படியோ நிமிர்ந்து மேல் சுருதியைப் பிடித்தார். ஜனங்கள் வழக்கம்போலப் பெருமூச்சு விட்டார்கள்.

பூசை முடிந்ததும் கூட்டம் மேடையை மொய்த்தது.

"வாத்தியாரே, இந்த வருஷம் மாதிரி ஒரு வருஷமும் இல்ல!" என்றார் ஸ்தாவ்ரிஸ். "என்ன ஆழம்! காதுக்கே எட்டாத ஆழத்துக்குப் போயிட்டீங்க!"

"தரை அதிர்ந்துச்சு" என்றார் இன்னொருவர்.

"அத்திப்பழம்யா, அத்திப்பழம்" என்றார் மூன்றாவது ஆள்.

மெனெலாவோஸின் முகத்தில் செத்துப் பிழைத்த வெளுப்பு இருந்தது. ஒவ்வொரு கையாகக் குலுக்கக் குலுக்க அது மெல்லப் போனது. கூட்டம் கலைந்த பிறகு லாசரோஸ் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று லாசரோஸ் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"பாத்தியா?" என்றார் மெனெலாவோஸ், வியப்போடு. "பத்தொம்பது வருஷமா பயந்து பயந்து செத்தேன். ஒண்ணும் தேவையே இல்ல போலிருக்கே. இனிமே உனக்கும் அந்தச் சிரமம் வேணாம். நீ ஒத்து மட்டும் பிடி."

அன்றைக்கு லாசரோஸ் மெழுகுவர்த்தியை அணைக்காமலே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் புதன்கிழமை காலை. படகு கிளம்ப அரைமணி இருந்தது. லாசரோஸ் கத்துவதற்கு வாயைத் திறந்தார், மனசு வரவில்லை. வேறு வழியில்லாமல் "தாசோஸ்" என்றார், யாருக்கோ துக்கம் சொல்வது மாதிரி. சந்து முனையிலிருந்து ஒரு துணிப்பையோடு ஸ்தமாத்தா வந்தாள். அறுபது வயதிருக்கும். வீட்டில் வரிசையாகப் பெண் பிறந்து சலித்துப்போனால் நம் ஊரில் போதும்பொண்ணு என்று பெயர் வைப்பார்கள், அங்கே ஸ்தமாத்தா. அந்தப் போதும்பொண்ணைப் பதினாறு வயதில் துறைமுகச் சந்தில் விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அந்தத் தொழில் இல்லை. அதே மாடி அறையில் இருந்துகொண்டு மாலுமிகளுக்குச் சட்டை துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். லாசரோஸுக்கு அவளை முகம் தெரியும். பேசியதில்லை.

அவள் நேரே வந்து அவர் முன்னால் நின்றாள்.

"லாசரோஸ் அண்ணே, நேத்து ஏன் பாடல?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "எது? ஒத்தா? பிடிச்சேனே."

"ஒத்த யாரு கேட்டா? கீழ இறங்குற இடம். நேத்து அங்க ஒண்ணுமே இல்லையே. ஏன், உடம்பு சரியில்லையா?"

லாசரோஸ் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். "அது... மெனெலாவோஸ் வாத்தியார் பாடறது இல்லையா?"

"அட போங்கண்ணே!" என்று அவள் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. "எத்தனையோ வருஷமா காலங்காத்தால என் சன்னலுக்குக் கீழ நின்னு தாசோஸ் தாசோஸ்னு தூங்க விடாம கத்துற குரல் எனக்குத் தெரியாதா? நாங்க நிக்கறது தூணுக்குப் பின்னால. அங்கேர்ந்து மேடை தெரியாது, மீசை தெரியாது. காதுதான். முன்னால நிக்கறவனெல்லாம் அந்த ஆளோட தொண்டையப் பாத்துட்டுக் கண்ணால கேக்கறான்."

"உனக்கு... உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் வருஷத்துலேர்ந்து. ஆறு பேரு நின்னோம். ஆறு பேருக்கும் தெரியும். மாரிக்கான்னு ஒருத்தி, செத்துட்டா பாவம், அவ அந்த இடம் வரும்போது தூணக் கட்டிப்பா. தூணு அதிருதுன்னு சொல்வா. படகுக்காரரு வர்றாரு, படகுக்காரரு வர்றாருன்னு எங்களுக்குள்ள சொல்லிப்போம்."

லாசரோஸ் நிமிர்ந்து அந்த மாடிச் சன்னலைப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் தேடியது தன் தலைக்கு மேல் மாடியில், தோய்த்த சட்டைகளுக்கு நடுவில் இருந்திருக்கிறது. "ஏம்மா ஒரு தரம்கூட யார் கிட்டயும் சொல்லல?" என்றார். குரல் கெஞ்சியது.

"யார் கிட்டச் சொல்ல?" என்றாள் அவள். கோபம்கூட இல்லை. "எங்கள யாராவது எதையாவது கேட்டாங்களா? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம். ஒரு தரம் திரும்பிப் பாத்திருந்தீங்கன்னா கையாவது காட்டியிருப்போம்."

எதிரே பஸ் நிலையத்தில் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். அவள் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "தெசலோனிக்கிக்குப் போறேன். ஆஸ்பத்திரி. மாருல கட்டி, அறுக்கணும்கறாங்க. அதுக்கு முன்னாடி அதை ஒரு தரம் கேட்டுட்டுப் போயிடலாம்னுதான் நேத்து வந்தேன். இந்த வருஷம் நான் மட்டும்தான். மத்தவளுங்க யாரும் இல்ல. அந்த இடம் வந்துச்சு... ஒண்ணுமே வரல. ராத்திரி பூரா யோசிச்சேன், ஒருவேளை எனக்குத்தான் காது போயிடுச்சோன்னு. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"காது போகல" என்றார் லாசரோஸ். "நான்தான் வேணும்னே... வேற ஒருத்தரு மேல கோவம். உங்களுக்கு இல்ல. உங்களுக்கு இல்லம்மா."

"ஓ" என்றாள் அவள்.

"இருங்க. இப்பப் பாடறேன். இங்கயே பாடறேன்." அவர் தொப்பியைக் கழற்றினார். தாசோஸ் போகிற கோழிக்கூடைக்காரர் திரும்பிப் பார்த்தார். படகிலிருந்து யாரோ, "யோவ் லாசரோஸ், கயிறு!" என்று கத்தினார்கள்.

ஸ்தமாத்தா அவர் கையைத் தொட்டுத் தடுத்தாள். "வேணாம்ணே. மேல பாட்டு இல்லாம வெறும் அடிய மட்டும் பாடினா மாடு கத்துதுன்னு சொல்வாங்க. விடுங்க. வந்தா அடுத்த வருஷம் கேக்கறேன்." பஸ்ஸை நோக்கி நடந்தவள் திரும்பி, "நல்லாப் பாடுவீங்கண்ணே" என்றாள். அவருக்கு யாரும் அதற்கு முன்னால் அதைச் சொன்னதில்லை. அவர் நின்ற இடத்திலேயே அழுதார். கோழிக்கூடைக்காரர் கண்ணில் தூசி விழுந்ததா என்று கேட்டார்.

ஊருக்குக் கொடுத்த அடி ஊர்மேல் விழவில்லை. மெனெலாவோஸ்மேலும் விழவில்லை. அது யார்மேல் விழுந்ததோ, அவள் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தாள். அந்த வருஷம் முழுக்க லாசரோஸ் தினமும் மூன்று தரம் அந்த மாடிச் சன்னலைப் பார்த்துத்தான் கத்தினார். சன்னல் சாத்தியிருந்தது. ஆகஸ்டில் திறந்திருந்தது, ஓடினார். வேறு யாரோ, கைக்குழந்தையோடு ஒரு பெண், துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்தவங்களைப் பற்றித் தெரியாது என்றாள். அறையைச் சுத்தம் செய்துதான் கொடுத்தார்களாம்.

அடுத்த பெரிய செவ்வாய் வந்தது. மெனெலாவோஸ் இடது கையை முதுகுப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. அதே வெள்ளிச் சிலுவை, அதே தேன் குரல். கிணறு வந்ததும், யாரும் கூப்பிடாமலே, லாசரோஸ் இறங்கினார். மெனெலாவோஸ் திடுக்கிட்டு ஒரு கண்ணால் முறைத்தார். பிறகு பழக்க தோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டார். லாசரோஸ் அவர் கையைப் பார்க்கவில்லை. ஒத்துப் பிடிக்க வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் திரும்பி, கடைசித் தூணைப் பார்த்தபடி பாடினார். தாடையை நன்றாகத் திறந்து, எல்லாரும் பார்க்கும்படி பாடினார். தூணுக்குப் பின்னால் யாரும் இல்லை. யாரோ ஒருவர் குடையைச் சாய்த்து வைத்திருந்தார்.

பூசை முடிந்தது. கூட்டம் மேடைக்கு வந்தது. "கொஞ்சம் நகருங்க லாசரோஸ்" என்று சொல்லிக்கொண்டே ஸ்தாவ்ரிஸ் அவரைத் தாண்டிப் போய், மெனெலாவோஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"போன வருஷம் எப்படியோ அப்படியே இருந்துச்சு வாத்தியாரே" என்றார். "ஒரு இம்மி கூடல, ஒரு இம்மி குறையல."